கோபம் என்று எழுதக் கூடாது

முதல் வாரத் தாளில்
‘யுகேஷுக்குக் கோபம் வந்தது’ என்று எழுதியிருந்தேன்.
ஷு லிங் ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு
ஓரத்தில் கேட்டிருந்தாள்:
‘எங்கே பார்த்தாய்?’

கோபத்தை யாரும் பார்த்ததில்லையாம்.
பார்க்கக் கிடைப்பது
வலக்கை, மூடிய விரல்கள், மேசை,
எட்டு முறை.
எட்டாவது என் முழங்கையில்.

பட்டமளிப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துப்
பத்து மாதமாகிறது.
‘சைக்காலஜி முடிச்சாச்சு, இன்னும் என்ன படிப்பு?’
என்கிறார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.
முதுகலை இருக்கிறது, தேர்வு இருக்கிறது,
மேற்பார்வையில் கழிக்க வேண்டிய
இரண்டாயிரம் மணி நேரம் இருக்கிறது.
கழிந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு.
‘நடத்தையைப் படிக்கிறேன்’ என்றேன்.
‘யாருடைய நடத்தையை?’ என்றார் அம்மா.
தமிழில் நடத்தை என்பது
பெண் பார்க்க வருகிறவர்கள்
பக்கத்து வீட்டில் விசாரிக்கும் பொருள்.
பகுப்பாய்வும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

பொங்கோல், பதினோராம் மாடி.
முன்னால் நடந்தது, அவன் செய்தது, பின்னால் கிடைத்தது
என்று மூன்று கட்டங்கள்.
கட்டைவிரலுக்கடியில் எண்ணும் கருவி, கிளிக், கிளிக்.
ஆறு வயதுப் பையன். முப்பத்திரண்டு படங்கள்.
வாழைப்பழம் எது, பேருந்து எது.
படத்தை நீட்டுகிறேன். அடிக்கிறான்.
படத்தை எடுத்து வைக்கிறேன்.
மூன்று வாரத் தாள்களைத்
தரையில் பரப்பிய இரவில்தான் புரிந்தது,
அடி ஒரு வாக்கியம்.
‘இதை எடு’ என்கிறான்.
நானும் தவறாமல் எடுத்துவந்திருக்கிறேன்.
பழக்கியவன் அவன்.
பழகியவள் நான்.

அதனால் ஓர் அட்டை செய்தோம்.
‘பிரேக்’ என்று எழுதச் சொன்னாள் ஷு லிங்,
பள்ளியில் அதுதான் செல்லுபடியாகும்.
யுகேஷின் அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து
‘“போதும்”னு எழுதுங்களேன்,
சோறு ஊட்டும்போது
தினமும் நான் அவன்கிட்ட கேக்கிற சொல்லு’ என்றார்.
இரண்டையும் எழுதினோம்.
எது மேலே என்பதில் ஐந்து நிமிடம் போனது.

பத்தொன்பது நாள் அவன் கையைப் பிடித்து
எடுக்கவைத்தேன், கொடுக்கவைத்தேன்.
பிடி தளர்ந்தது. பிறகு
மணிக்கட்டில் ஒரு விரல். பிறகு அதுவுமில்லை.

இருபதாம் நாள், வியாழன், மழை,
மூன்றாவது படத்திலேயே
அட்டையை என் உள்ளங்கையில் வைத்தான்.
முகத்தைப் பார்க்கவில்லை.
எழுந்துபோய்ச் சன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து
எல்ஆர்டி வண்டி வளைவதைப் பார்த்தான்.
அன்று நாற்பத்தொரு முறை கொடுத்தான்.
வாழைப்பழம் நகரவே இல்லை.
அடி: சுழியம்.

வரைபடத்தில் ஒரு கோடு விழ, ஒரு கோடு எழுந்தது.
ஒரு பிள்ளைக்கு
என்னை மறுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.
மணி நேரம்: இரண்டு. கையெழுத்து: ஷு லிங்.

கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தபோது
அப்பா அழைத்தார்.
‘அலுவலக வேலையாம், நிரந்தரமாம்,
ராத்திரிக்குள்ள விண்ணப்பம் போடணுமாம்,
நீ எதுக்கு அடுத்தவன் பிள்ளைகிட்ட...’
இடக்கை, கட்டைவிரல், கோப்பை விளிம்பு,
ஐந்து முறை. ஆறு.
கோபம் என்று எழுதக் கூடாது.
பையில் உதிரி அட்டை ஒன்று இருந்தது.
எடுத்து மேசைமேல் வைத்தேன்.
தொலைபேசியில் அது தெரியாது.