ஐம்பது பவுண்டு உப்பு

டுலூத்தில் தெருக்கள் ஏரியைப் பார்த்து விழுகின்றன.
எங்கள் முனையில் மட்டும்
விழாமலிருக்கப் படிக்கட்டு, நூற்றுப் பதினெட்டுப் படி.
நவம்பரிலிருந்து தினமும் விடியுமுன்
முதுகுப்பையில் ஐம்பது பவுண்டு சாலை உப்போடு
ஏறினேன், இறங்கினேன், ஏறினேன்.

இரவில் தனியார் ஆம்புலன்ஸ்,
மணிக்குப் பத்தொன்பது டாலர்.
பகலில் பாராமெடிக் வகுப்பு.
மருந்து அட்டைகளை ஊனாதான் வாசிப்பாள். எட்டு வயது.
பல் விழுந்த வாயில் அடினோசின், அதினோத்தின்.
"எத்தனை?"
ஆறு மில்லிகிராம்.
"கேக்கலன்னா?"
பன்னிரண்டு.
"அப்பவும் கேக்கலன்னா?"
அட்டையின் பின்பக்கம் அதற்கும் பதில் உண்டு.
வண்டியில் சில இரவுகளில் பின்பக்கம் இருப்பதில்லை.

ஜனவரியில் உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன்.
நூறாவது படியிலும் மூச்சு முட்டவில்லை.
கூடப் படித்த ட்வைட் பெல்லாஞ்சரிடம் பெருமையடித்தேன்.
பின்னால் ஏறி வந்தவன் சொன்னான்:
"கிவெலா, உன் பை ஒழுகுது."

தையல் விட்ட மூலையில்
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
தராசில் வைத்தோம்: இருபத்தியொன்பது.
மீதி இருபத்தியொன்று
படிப்படியாகப் படியில் கிடந்தது.
இடது ஓரத்தில், நான் நடக்கும் அகலத்துக்கு,
பனிக்கட்டி உருகிக் கல் தெரிந்தது.
தபால்காரர் அந்த ஓரமாகவே ஏறி வந்தார்.
"நகராட்சிக்கு இந்த வருஷம் புத்தி வந்திருக்கு" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வுக்குப் பதினோரு நாள்தான்.
படி இயந்திரம், குழாய், ஏணி, சம்மட்டி, இருட்டுச் சுரங்கம்,
நூற்றறுபத்தைந்து பவுண்டு பொம்மை
(அதன் முகத்தை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்).
கூரையைக் கொக்கியால் இழுக்கும்போது விசில்.
பத்து நிமிடம் இருபது நொடி முடிந்தது.
எனக்கு இன்னும் இரண்டு இழுப்பு பாக்கி.

ட்வைட் தேறிவிட்டான்.
என்னை வீட்டில் இறக்கிவிடும்வரை
ரேடியோவைப் போடவில்லை.

புதுப் பை, இரட்டைத் தையல்.
ஏப்ரலில் ஒன்பது நிமிடம் நாற்பத்தியொன்று.

நேர்காணலில் மூன்று பேர், ஒரு தண்ணீர்க் குவளை.
"நீங்கள் தோற்றுப்போன ஒன்றைச் சொல்லுங்கள்."
கண்ணாடி முன் பழகிய பதில் இருந்தது:
அணி, பொறுப்பு, பாடம்.
வாயைத் திறந்தால் உப்பு வந்தது.
இருவர் சிரித்தார்கள்.
கேப்டன் ருட்ஸ்கி சிரிக்காமல் கேட்டார்:
"ஓட்டை எப்போது விழுந்தது?"
"தெரியாது சார்.
சுமை குறைந்ததை
பலம் கூடியதாக எடுத்துக்கொண்டேன்."
ஏதோ எழுதிக்கொண்டார்.

பட்டியலில் பதினேழாம் இடம். எடுப்பது ஆறு பேரை.
ஒரு கோடை முழுக்க, இலை உதிரும்வரை,
உப்புக்குச் சப்பாணி.
யாரோ ஓய்வுபெற்றார். யாரோ டென்வருக்குப் போனார்.
ஒருவருக்கு முழங்கால்.
பிறர் முழங்காலுக்காகக் காத்திருப்பது
நல்ல குணமில்லை என்று தெரியும்.

அழைப்பு வந்தபோது நான் வண்டியின் பின்னால்.
தாதுக் கப்பலில் முப்பது வருஷம் சமைத்தவர்,
ஸ்டாங்விக் என்று பெயர்,
நாடி நாற்பத்திநான்கு.
அட்ரோபின் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
"உன் பாக்கெட் அதிருதே, எடு" என்றார்.
"கையை மடக்காதீங்க" என்றேன்.
அது மறுபடி அதிர்ந்தது. நின்றது.
நாடி ஐம்பத்தெட்டு.
அவருக்கு வெட்கம் வருமளவு ரத்தம் முகத்துக்குத் திரும்பியபின்
தன் சட்டைப் பொத்தானைத் தேடினார்.

செய்தியை மருத்துவமனை வாசலில் கேட்டேன்,
ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டே.
ஊனாவிடம் காலையில் சொன்னேன்.
"அப்ப இனிமே அட்டை இல்லையா?"
இருக்கு என்றேன். முகம் தொங்கியது.

டிசம்பர். முதல் ஷிஃப்ட். மைனஸ் இருபது.
தீ இல்லை, புகை இல்லை.
"கிவெலா, வண்டிப் பாதைக்கு உப்புப் போடு."
சுவரோரம் சாய்த்து வைத்த பை,
ஐம்பது பவுண்டு என்று அச்சிட்டிருந்தது.
கவிழ்த்து
நான்கு மூலையையும் தடவிப் பார்த்தேன்.
தோளில் ஏற்றினேன்.
கனமாகத்தான் இருந்தது.