கேப்பு

உழுந்து அளவுதான்.
கவிழ்த்தால் செம்புத் தொப்பி,
நிமிர்த்தினால் கிண்ணம்.
கிண்ணத்துக்குள் மருந்து,
மருந்தின் மேல் மூன்று காலில் நிற்கும் ஒரு பட்டடை.
கொல்லன் இல்லாத பட்டடை.
வெளியிலிருந்து ஊசி வந்து தட்டவேணும்.

விசுவமடு. தொண்ணூற்றேழு மாரி.
தகரக் கொட்டிலுக்குள் மூன்று பேர்.
தேவமனோகரி வெறுங்கோதுகளைப்
புளிபோட்டு மினுக்குவாள், குத்துவிளக்கு மினுக்கிற கையால்.
பவளராணி மருந்து நிறுப்பாள்
மூச்சை விழுங்கிக்கொண்டு.
இடையில் நான்.
எனக்குக் கேப்பு.

ஒரு கிழமைக்குள் என் நகம் படித்துவிட்டது:
வட்டம் ஒன்றுதான், தோல் வேறு.
மெல்லிசு கைத்துவக்குக்கு,
தடிப்பு றைபிளுக்கு.
மாறிப் போட்டால் தோல் கிழிந்து
நெருப்பு பின்னால் வரும்,
கன்னத்தைச் சாய்த்துக் குறிபார்க்கிறவனின் கண்ணுக்கு.
கோதின் அடியில் ஒரு மயிரிழை உள்ளுக்குப் போய் இருக்கவேணும்.
துருத்தினால், விரல் விசைக்குப் போகமுதலே
பூட்டு மூடுகிற அதிர்ச்சியில் எழும்பிவிடும்.
போத்தலில் கொட்டிக் குலுக்கக்கூடாது,
ஒன்று கோபித்தால் அத்தனையும் கோபிக்கும்.
நைலோன் உடுப்பு வாசலுக்கு வெளியே.
எண்ணெய் பட்டால் கேப்பு செத்துப்போகும்.
வேர்வைக்கும் அப்படித்தான் என்று சொல்வார்கள்.
தலைக்கு எண்ணெய் வைக்க இடக்கை,
மேசைக்கு வலக்கை.

கார்த்திகையில் ஒரு பெட்டி வந்தது.
மழையில் லேபிள் கரைந்து
நீலச் சாயம் மட்டும் ஒட்டிக்கிடந்தது.
ஐந்நூறு.
"எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கு?"
கொண்டுவந்தவர் கேட்டார்.
"அதுதான் பயம்" என்றேன்.
முன்னுக்கு எத்தனை துவக்கு வெறுமையாய் நிற்கிறதென்று சொன்னார்.
பிடித்திருக்கிற பிள்ளைகளின் வயதையும் சொன்னார்.
நான் மூடியை அழுத்தி
பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

இரண்டு கிழமை விறகு பொறுக்க அனுப்பினார்கள்.
அந்த இரண்டு கிழமையும் என் கதிரையில் யார் இருந்தது,
நீலப் பெட்டி எங்கே போனது,
திரும்பி வந்து நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இப்போது அம்பகாமம்.
முகக்கண்ணாடி, கவசம், முழங்காலுக்கு றப்பர்.
நேற்றுக் காலை
பாலை வேரடியில் கருவி அழுதது.
சுரண்டினேன், விரலளவு விரலளவாய்.
மிதிவெடி இல்லை.
ஒரு சன்னம், பாசி நிறத்தில்,
அடி என்னைப் பார்த்தபடி.

கேப்பின் நடுவில் குழி.
ஊசி வந்திருக்கிறது, தட்டியிருக்கிறது,
தட்டவேண்டிய இடத்திலேயே.
கேப்பு எழும்பவில்லை.

இந்தப் பாலைக்குக் கீழே படுத்திருந்தவன்
பூட்டை இழுத்து இதை எறிந்துவிட்டு
அடுத்ததைப் போட்டிருப்பான்.
போட நேரம் இருந்ததா?
எதிர்ப்பக்கம் எழும்பி ஓடியவன்
தம்புத்தேகமவில் எங்கேயோ
இந்த நேரம் மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிக்கொண்டிருப்பானா?

நீலப் பெட்டியா?
என் பெருவிரலா?

நகத்தால் ஒரு தரம் தடவினால் போதும்,
மெல்லிசா தடிப்பா, சொல்லிவிடுவேன்.
கையுறை கழற்றக்கூடாது.
தொடவும் கூடாது.
வலக்கைப் பெருவிரல் உறைக்குள் நனைந்தது.

சிவப்புத் தடி குத்தி, விசில் ஊதி,
பின்னால் வந்து புத்தகத்தில் எழுதினேன்:
சன்னம் ஒன்று. வெடிக்காதது.
ஏன் என்று எழுத அதில் கட்டம் இல்லை.
சுப்பவைசர் கையெழுத்து வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனார்.

பின்னேரம் கிணற்றடியில்
தலைக்கு எண்ணெய் வைத்தேன்.
இப்பவும் இடக்கையால்தான்.