பதினேழாம் வரி

வரவுசெலவுத் தாளில் பதினேழாம் வரி:
நாய்களுக்கு நடத்தைப் பயிற்சி.
அதற்கு மேல் வரியில் ஒழுகும் கூரை,
கீழ் வரியில் கொதிகலன்.
டுலூத்தில் ஜனவரி. உறைந்த ஏரி
இரவெல்லாம் முனகுகிறது.
காப்பகத்துக்குக் கணக்கெழுதுபவள் நான்.
பென்சில் முனை ஏற்கெனவே அந்த வரிமேல்.

"அடிக்குமுன் ஒருதரம் வந்து பார்" என்றாள் மேரன்.

பதினொன்றாம் கூண்டு.
சுவரோடு சுவராக ஒரு நாய். பெயர் பட்டன்.
கடித்தது என்கிறது படிவம்.
கடிக்குமுன் என்ன நடந்தது என்று எழுத
படிவத்தில் கட்டமில்லை.

மேரன் அதற்கு முதுகு காட்டி
சில்லிட்ட தரையில் உட்கார்ந்தாள்.
வேகவைத்த கோழியைப் பிய்த்து
திரும்பிப் பாராமல் பின்னால் போட்டாள்.
இருபது நிமிடம். அவ்வளவுதான்.

"இதற்கா மணிக்கு இருபத்திரண்டு டாலர்?"

"நேற்று அந்தத் தரைக்கல்லில் நின்று தின்றான்.
இன்று இதில்."

இரண்டு கல் தூரம்.
எந்தப் பத்தியில் பதிய?

குட்டிகளின் படம் போட்டால் பணம் வரும்,
எனக்குத் தெரியும்.
ஆனாலும் அன்றிரவு நன்கொடைக் கடிதத்தில்
தரையைத்தான் படம்பிடித்து ஒட்டினேன்:
இங்கிருந்து இதுவரை.

அதிகம் வரவில்லை.
பனி வாரும் லாரி ஓட்டும் வெர்லின்
நாற்பது டாலர் காசோலை அனுப்பினார்,
ஓரத்தில் 'ஒரு கல்லுக்கு' என்று கிறுக்கி.
இன்னும் சிலர். மார்ச் வரை தாங்கும்.

கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.
பதினொன்றாம் கூண்டருகே வாளி வைத்திருக்கிறோம்.
பட்டனை இன்னும் யாரும் கேட்டு வரவில்லை.

முன்பெல்லாம் ஒவ்வொரு சொட்டுக்கும்
சுவருக்குள் புகப் பார்ப்பான்.

இப்போது
ஒரு காதை மட்டும் திருப்புகிறான்.