பதினொரு அடி கிழக்கே

படிவம் கேட்கிறது:
தங்கள் புதுமையை இருநூறு சொற்களில் விளக்குக.
பயன்படுத்திய மென்பொருள், ஆன செலவு,
அரசாணை எண், இருப்பின்.

மேசையை நகர்த்தினேன் ஐயா.
பதினொரு அடி. கிழக்கே.

இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து சொல் மீதமிருப்பதாகச்
சிவப்பில் காட்டுகிறது.
சரி.

பள்ளிப்பட்டிலிருந்து ஆறாவது நிறுத்தம் எங்கள் ஊர்.
அதற்கப்பால் பேருந்துக்கு வேறு நிறம்
பலகைக்கு வேறு எழுத்து
நகரி மலைக்கு மட்டும்
எந்தப் பக்கம் நின்றாலும் அதே மூக்கு.

சேவை மையத்துக்குள் நுழைந்ததும்
யார் பையில் இருக்கும் போனும் ஆந்திரா பக்கம் சாய்ந்துவிடும்.
தெலுங்கில் ஒரு நல்வரவு வரும்.
ஓடிபி வராது.
திரையில் நொடிகள் கழியும்.
முனிலட்சுமி வாசலுக்கு ஓடி
போனைத் தலைக்கு மேல் தூக்கி
வானத்துக்கு மனு கொடுப்பவள்போல் நிற்பாள்.
வந்த ஆறு எண்ணைக் கத்திக்கொண்டே
படியேறி வருவாள்,
மூன்றாவது எண் மூச்சில் கரைந்திருக்கும்.
காலம் கடந்துவிட்டது என்பேன்,
திரை சொல்வதைத்தான்.

விதவை உதவித்தொகைக்கு நான்கு முறை ஓடினாள்.
ஐந்தாம் முறை ஓடவில்லை.
நாளைக்கு வரட்டா என்று
அவளே கேட்டுவிட்டு எழுந்தாள்.
எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.
இதைப் படிவத்தில் எங்கே எழுதுவது?

தறிக்காரர் செங்கல்ராயன்
தண்ணீர்த் தொட்டித் தூணில் சாய்ந்துகொண்டுதான்
நூல் விலை பேசுவார், வெயிலிலும்.
ஏன் இங்கேயே நிற்கிறீர்கள் என்றேன்.
'இங்கதான் நம்ம டவர் வருது' என்றார்.
மூன்று வருடம் ஜன்னல் வழியே
அவர் முதுகைப் பார்த்திருக்கிறேன்.
கேட்டது அன்றுதான்.

செலவு: கம்பி அறுநூற்று நாற்பது.
தார்ப்பாய் அவருடையது, பொங்கலுக்குள் திருப்ப வேண்டும்.

ஆய்வுக்கு வந்தவர் கேட்டார்
எந்த உத்தரவின்பேரில் அரசு மேசை தெருவில் நிற்கிறதென்று.
கிராம நிர்வாக அலுவலர் டில்லிபாபு
பையில் இல்லாத காகிதத்தை வெகுநேரம் தேடினார்.
அதற்குள் ஆய்வாளரின் போனுக்கு
காலையிலிருந்து வராத செய்திகளெல்லாம்
மணியடித்து மணியடித்து வந்தன.
நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.
'காற்றோட்டம் கருதி' என்று
அறிக்கையில் எழுதிப் போனார்.

மழை நாளில் மேசை உள்ளே போய்விடும்.
அன்று ஏழு பேர் வந்தால் இருவருக்கு முடியும்.
குறைகள் என்றொரு கட்டம் இதில் இல்லை,
இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

பயனாளிகளின் கருத்து?
முனிலட்சுமி புரட்டாசிக்குப் பிறகு வரவேயில்லை.
வேலை முடிந்தவர்கள் ஏன் வருகிறார்கள்.
வராதவர்களைத்தான் ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன்,
இதுவரை இருநூற்றுப் பதினாறு.

சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.
இதற்கும் ஓடிபியாம்.

வெளியே மழை. மேசை உள்ளே.
போனைத் தூக்கிக்கொண்டு
தொட்டித் தூணுக்கு ஓடுகிறேன்,
ஆறு எண்களை
யாருமில்லாத அறைக்குக் கத்திக்கொண்டு
திரும்பி வருகிறேன்.