கிழக்குக் கொம்பு

திருகாணி எங்கும் தெரியவில்லை.
அடியில் நான்கு ரப்பர் பாதங்கள்.
நகத்தால் ஒன்றை உரித்தேன்.
உள்ளே ஒளிந்திருந்தது, நட்சத்திரத் தலையோடு.

நேற்றைய சித்திரை இடிக்கு
பள்ளத்தூரில் மூன்று டிவி, ஒரு மோட்டார்,
அத்துடன் எங்கள் ரவுட்டர்.
"புதுசு வாங்குவோம், பாதி நான் தாரேன்"
என்றார் சாத்தப்பண்ணன், பத்தியில் நின்று.
வீடு இரண்டு பங்கு. கரண்டு பில் இரண்டு பங்கு.
கிணற்று மோட்டார் அவருக்குக் காலை, எங்களுக்கு மாலை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில்
முழு வீட்டையே கழற்றி
நிலை தனி, கதவு தனி, கீல் தனி என விற்கிறார்கள்.
உள்ளங்கை அகல வீட்டை
நான் கழற்றினால் யார் கேட்பது?

மூடி டக்கென்று விட்டது.
பச்சைப் பலகை. தூசி. பல்லிமுட்டை ஓடு.
சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டியதுபோல்
ஒவ்வொன்றின் அருகிலும் வெள்ளை எழுத்து.
தகடு போர்த்திய பெரிய சில்லு.
பக்கத்தில் எட்டுக்கால் சில்லு,
எங்கள் பாஸ்வேர்டு அதற்குள்தான்.
ஓரத்தில் ஒரு கப்பாசிட்டர்
சுட்ட அப்பளமாய்த் தலை உப்பி.
சரி, செத்தது இதுதான்.

ஆனால் கண் அங்கே நிற்கவில்லை.

மேற்குக் கொம்பிலிருந்து சாம்பல் ஒயர் இறங்கி
ஈயப் பொட்டில் முடிகிறது.
கிழக்குக் கொம்பிலிருந்து
ஒன்றும் இறங்கவில்லை.
உறையை உருவினேன். குழல். காற்று.
பலகையில் அதற்கென இடம்கூட இருக்கிறது,
பற்றவைக்காமல்.

காலையில் அண்ணன் தம் பக்கம் சாய்ப்பார்.
எல்லோரும் படுத்தபின் நான் எங்கள் பக்கம்.
மூன்று வருடம்.
இதனாலேயே ஒருமுறை பேச்சு நின்று
அவர் மகள் காதுகுத்துக்கு மொய் மட்டும் போனது.
சுவரோடு ஒட்டி நின்ற மேற்குக் கொம்பை
ஒருவரும் தொட்டதில்லை.
அது தன்பாட்டுக்கு
இரண்டு பங்குக்கும் படியளந்தது.

பாலிடெக்னிக் லேபில் சால்டரிங் அயர்ன் இரவல்.
செக்காலை ரோட்டில் கப்பாசிட்டர் எட்டு ரூபாய்.
கோடு போட்ட பக்கம் மைனஸ், இருமுறை பார்த்தேன்.
விளக்கு ஒன்று. பிறகு மூன்று. பிறகு எல்லாம்.

எட்டில் பாதி நாலு என்று
அண்ணன் சட்டைப்பையில் சில்லறை துழாவினார்.
கொம்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் கை போய்விட்டது,
இரண்டே விரலால், பக்குவமாக.
"இப்பத்தான் நல்லா எடுக்குது" என்றார்.

தலையாட்டினேன்.
இரவு பதினொன்றுக்கு
எழுந்து போனேன்.
கை பழகிவிட்டது.