கோயில்பிள்ளையின் கயிறு

எங்கள் ஊரில் கொடிமரம் ஒன்றுதான்.
கோயிலுக்கும் அதுதான், கோயில் பள்ளிக்கூடத்துக்கும் அதுதான்.
திருமங்கலத்துக்கு மேற்கே கரிசலில்
பஸ்ஸிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அது.

ஆகஸ்டு பதினைந்து எனக்கு இரட்டை வேலை.
விடியற்காலம் மாதாவின் விண்ணேற்பு, நீலக்கொடி.
எட்டரைக்குச் சுதந்திரம், மூவர்ணம்.
நடுவில் நீலத்தை இறக்கி மடித்து
பூசை உடுப்பு பீரோவில் வைத்துவிட்டு ஓடிவர வேண்டும்.
மூவர்ணத்துக்குள் செவ்வந்தி உதிரியைச் சுருட்டி
ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போட
இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை.

இந்த வருசம் ராட்டினம் சிக்கிக்கொண்டது.
நீலம் பாதியில் நின்றது,
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
ஹெட்மாஸ்டர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார்.
பஞ்சாயத்துத் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.
வேட்டியை மடித்துக் கட்டி
எண்ணெய்ப் பாட்டிலை மடியில் செருகி
ஐம்பத்தேழு வயதில் ஏறினேன்.

உச்சியிலிருந்து கல்லறைத் தோட்டம் தெரிந்தது.
நடுவே சுவர்.
அந்தப் பக்கம் அவர்கள், சலவைக்கல் சிலுவைகள்.
இந்தப் பக்கம் நாங்கள், எருக்கஞ்செடி, என் அம்மா.
மேலிருந்து பார்த்தால் அந்தச் சுவர்
சிலேட்டில் அழிக்க மறந்த கோடு.
முந்தாநாள் இடிமழையில் ஓரிடம் சரிந்திருந்தது.
அந்த வழியாக ஓர் ஆடு அந்தப் பக்கம் போய்
நிதானமாக மேய்ந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தது.
ஞானஸ்நானம் வாங்காத ஆடு.

போன மாதம் தாலுகா ஆபீசில்
மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு நின்றேன்.
மேசைக்காரர் என் பெயரைப் பார்த்தார்: இன்னாசி.
மகள் பெயரைப் பார்த்தார்: ஜெனிட்டா.
"உங்க தாத்தா தலையில தண்ணி ஊத்துன அன்னைக்கே
அந்தச் சாதி போயிருச்சேய்யா"
என்று சிரித்துக்கொண்டே பி.சி. என்று முத்திரை குத்தினார்.
திரும்பி வரும் பஸ்ஸில், கப்பலூர் தாண்டி, உறைத்தது:
என் ஞானஸ்நானத்தை
அரசாங்கம் முழுசாக நம்புகிறது.
என் பங்குதான் இன்னும் நம்பவில்லை.

எண்ணெய் விட்டேன். ராட்டினம் முனகிச் சுற்றியது.
நீலம் இறங்கி, மூவர்ணம் ஏறி,
தலைவரின் வழுக்கையில் பூக் கொட்டியது.
எல்லாரும் கைதட்டினோம். நானும்தான், அதில் பொய்யில்லை.
என் அப்பனுக்குச் சிரட்டை போய்
டீக்கடையில் கண்ணாடித் தம்ளர் வந்தது இந்தக் கொடியால்.
அந்தத் தம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்ததும்
இதே கொடியின் கீழ்.

கொடிக்கு ஒரு விதி உண்டு,
பொழுது சாயுமுன் இறக்கிவிட வேண்டும்.
இன்னொரு விடுதலைக்கு அந்த விதி கிடையாது.
நற்கருணை நாக்கில் கரையும்போது
எனக்குள் ஒன்று நிமிரும்.
யாரும் ஏற்றியதில்லை, எவனாலும் இறக்க முடியாது.
ஆனால் அதற்குக் கயிறும் இல்லை.
எதைப் பிடித்து இழுத்து
அதை இந்த மண்ணுக்குக் கொண்டுவருவேன்?

வியாகுலம் அன்று விடியுமுன் செத்திருந்தாள்.
திருவிழா என்று அடக்கத்தை நாலு மணிக்குத் தள்ளினார்கள்.
நாற்பது வருசமாகக் கோயில் கூட்டியவள்.
கல்லறைத் திருநாளுக்கு
சுவரின் இரண்டு பக்கமும் கூட்டியவள்.

குழி வெட்டுவதும் என் வேலைதான்.
மிட்டாய்க் காகிதம் பறக்கும் மைதானம் வழியாக
கடப்பாரையோடு போனேன்.

நாலு மணிக்குப் பெட்டி வந்தது, கூட்டம் வந்தது.
சாமியார் குழியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.
சுவர் சரிந்த இடம்.
தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம்.
கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
"ஏன் இன்னாசி, இங்க?"

கொடிக்கயிற்றில் மிச்சமாகத் தொங்கிய வாலை
அறுத்துக் கொண்டுவந்திருந்தேன்.
அதைப் பெட்டிக்கு அடியில் விட்டபடி சொன்னேன்:
"இங்கதான் சாமி, மண்ணு இளக்கமா இருக்கு."

அவர் என்னையே பார்த்தார்.
பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.
பிறகு, மெதுவாக, புத்தகத்தைத் திறந்தார்.

கொடி இறக்க
இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.