ஜீரோ கேட் வரிசை

எம்.எஸ்சி புள்ளியியல், நான்காம் பருவம்.
விருப்பப் பாடம்: வரிசைக் கோட்பாடு.
முப்பத்துநாலு வயதில் கடைசி பெஞ்சு.
"அங்கிள், உங்க நோட்டு" என்பார்கள்
இருபத்தொரு வயதுப் பிள்ளைகள்.
கொடுப்பேன்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது
காசிமேட்டிலிருந்து ஜீரோ கேட் வரை
கன்டெய்னர் லாரிகள் நிற்கிற நிற்பை.
சனிக்கிழமை இரவுகளில்
தடுப்புச் சுவரில் உட்கார்ந்து
கட்டம் போட்ட தாளில் கோடு இழுப்பேன்.
நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று,
ஐந்து லாரி.
சாலைக்கு அந்தப் பக்கம் கடல், ஐஸ் லோடு, கவிச்சி.
இந்தப் பக்கம் வண்டிக்கடியில்
பம்ப் ஸ்டவ்வில் சோறு பொங்குகிறார்கள்.
நாமக்கல்காரர் ஒருவர் கேட்டார்:
"இதைய எண்ணி என்னங்க பண்றது? வண்டி நகருமா?"
"நகராதுங்க. எவ்வளவு நேரம் நகராதுன்னு சொல்லலாம்."
சிரித்து, தட்டில் மத்திக் குழம்பு ஊற்றினார்.

ஹெப்சிபா மிச்சிகனில் இருக்கிறாள்.
இடுப்பெலும்பு மாற்றிய கிழவர்களுக்கு
மறுபடி நடக்கக் கற்றுத் தருகிறாள்.
கிரீன் கார்டுக்கு அவள் துண்டு போட்டு வைத்த தேதி
இரண்டாயிரத்துப் பத்தொன்பது, ஆகஸ்ட் ஆறு.
இப்போது கூப்பிடுவது பதின்மூன்றாம் வருடத்து ஆட்களை.
மாதம் ஒரு அறிவிப்பு.
பிப்ரவரியில் பதினெட்டு நாள் நகர்ந்தது,
அரை பிளேட் பிரியாணி வாங்கித் தின்றேன்.
"இன்னாப்பா, அட்டை வந்துச்சா?" என்கிறார்
ஹவுஸ் ஓனர் தனபாக்கியம்.
"ரேஷன் கார்டே ஆறு மாசத்துல கைக்கு வந்துடுது!"

நானும் போயிருக்கலாம்.
அவள் விசாவின் வாலில் எனக்கொரு விசா உண்டு.
அதில் நான் 'சார்ந்திருப்பவர்'.
ஆறு மாதம் இருந்து பார்த்தேன்.
வேலை செய்யக் கூடாது. பனியைப் பார்க்கலாம்.
பாத்திரம் துலக்கும் மெஷினோடு பேசலாம்.
திரும்பி வந்து தண்டையார்பேட்டை மாடி அறையைத் திறந்தால்
பல்லி முட்டை,
முடி சிக்கிய அவள் சீப்பு.
முதல் வகுப்பில் மேடம் கேட்டார்:
"சார்பு மாறின்னா என்ன, யார் சொல்றீங்க?"
கை தூக்கினேன்.

பாடம் எளியதுதான்.
வருகிற வேகம் அனுப்புகிற வேகத்தைத் தாண்டினால்
வரிசைக்கு முடிவில்லை.
பலகையில் அதை நிரூபிக்க ஏழு நிமிடம் ஆயிற்று.
எனக்குப் புரிய ஐந்து வருடம்.

ஏப்ரலில் தேதி பின்னால் போனது.
நிற்கவில்லை. பின்னால் போனது.
லாரியாவது ரிவர்ஸ் எடுக்கும்போது கத்தும்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர்
என் வரைபடங்களைப் புரட்டினார்.
"எல்லாம் சரி. வரிசையில நின்னு, பொறுமை போய்,
பாதியில விலகிடறவங்களைக் காணோமே?"
கன்டெய்னர் லாரி எங்கே சார் விலகும்,
முன்னால் டயர், பின்னால் டயர், பக்கத்தில் சுவர்
என்றேன்.
ஏதோ குறித்துக்கொண்டார்.

ஒன்றை அவரிடம் சொல்லவில்லை.
மூன்றாவது சனிக்கிழமை, தூத்துக்குடி வண்டி ஒன்று.
சாவியை கிளீனரிடம் கொடுத்துவிட்டு
மகளுக்குக் காதுகுத்து என்று
டிரைவர் ரயிலேறிப் போய்விட்டார்.
லாரி நின்றது.
கோடு போட்டேன்.

அன்றிரவு பதினொரு மணி,
அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.
தேர்வாளர் கேட்டதைச் சொன்னேன்.
என் பதிலைச் சொல்லவில்லை.
போனில் மைக்ரோவேவ் சுற்றும் சத்தம்.
அது மணியடிக்கிற வரை அவள் பேசவில்லை.
பிறகு, ஒரு கிழவர்,
மூன்று வாரமாய்க் கட்டிலைப் பிடித்தே நின்றவர்,
இன்று ஜன்னல் வரை போனார் என்றாள்.
"எத்தனை அடி?"
"எண்ணல. கையப் பிடிச்சிருந்தேன்."